அப்பாவின் ஜெபம் சுருங்கிய ஞாயிறு

1

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. சும்மா தருகிறேன் என்று யாராவது எதையாவது நீட்டினால், வாங்குவதற்கு முன்னால் ஏன் என்று கேட்பேன். "உனக்கு போலீஸ் வேலைதான் சரி" என்று என் வீட்டுக்காரர் ராஜன் கல்யாணமான புதிதில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சொல்வதில்லை, பழகிவிட்டது.

போன சனிக்கிழமை இங்கே எய்ண்ட்ஹோவனில், எங்கள் பகுதி விளையாட்டு அரங்கத்தில், வரிசையில் நின்று ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டேன். நெதர்லாந்தில் அறுபது வயது தாண்டியவர்களையும், ஆஸ்துமா, சர்க்கரை, இருதயக் கோளாறு என்று ஏதாவது ஒன்று இருப்பவர்களையும் குளிர்காலத்துக்கு முன்னால் கூப்பிட்டு இலவசமாகப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆஸ்துமா. அதனால் வருஷா வருஷம் அழைப்பு வரும். வருஷா வருஷம் அது குப்பைக்கூடைக்குப் போகும். காசு வாங்காமல் ஊசி போடுகிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்பது என் கட்சி.

இந்த முறை கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். எந்தக் கை என்று நர்ஸ் கேட்டாள், இடது என்றேன், முடிந்துவிட்டது. வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. ஊசி வலிக்கவில்லை. போன டிசம்பரில் இதே ஃப்ளூ சென்னை அஸ்தினாபுரத்தில் என் அப்பாவைக் கொண்டுபோகப் பார்த்தது. அது நினைவுக்கு வந்துவிட்டது. குரோம்பேட்டையிலும் செம்பாக்கத்திலும் சேலையூரிலும் உட்கார்ந்துகொண்டு "சாதாரண சளிதானே" என்று சொல்லிக்கொண்டிருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சொல்வதையும் நான் நம்பப்போவதில்லை.

2

முதலில் இந்த ஊர் டாக்டர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக முடியாது. போன் செய்ய வேண்டும். போனை எடுப்பவர் டாக்டர் இல்லை, அவருடைய உதவியாளர். அந்த அம்மாள் கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைசியில் "பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஓய்வெடுங்கள்" என்று சொல்லி வைத்துவிடுவாள். வந்த புதிதில் எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று டச்சில் சொல்ல நினைத்து, எனக்குக் குளிருகிறது என்று சொல்லித் தொலைத்தேன். ஹீட்டரைக் கூட்டி வைக்கச் சொன்னாள். நம் தோல் நிறத்தைப் பார்த்துக் கிண்டல் செய்கிறாள் என்று ஒரு வாரம் பொருமினேன். போனில் தோல் எப்படித் தெரியும் என்று ராஜன் கேட்ட பிறகுதான் விட்டேன்.

எங்கள் மகள் கேரெனுக்குப் பதினாலு வயதில் ஃப்ளூ வந்தது. காலையில் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளை, மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சளி என்றால் மெதுவாக வரும்: முதலில் மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும், இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் வரும், வராமலும் போகும். இது அப்படியில்லை. ஒரே நாளில் ஆளைக் கட்டிலில் சாய்த்துவிட்டது. குளிர் நடுக்கம், தலைவலி, கண்ணை அசைத்தால் வலி, யாரோ போட்டு அடித்த மாதிரி உடம்பு முழுக்க வலி, வறட்டு இருமல்.

போன் செய்தேன். அந்த அம்மாள் வழக்கம்போல ஆரம்பித்தாள். தண்ணீர் குடிக்கிறாளா? சிறுநீர் போகிறதா? கூப்பிட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறாளா? பிறகு, "போனை உங்கள் மகளிடம் கொடுங்கள்" என்றாள். கேரென் ஏதோ முனகிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "மூச்சுக்காக நிறுத்தாமல் ஒரு முழு வாக்கியம் பேசுகிறாள். இப்போதைக்கு நீங்கள் வர வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினாலோ உடனே கூப்பிடுங்கள்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளை அனலாகக் கொதிக்கிறாள், இவள் இலக்கணம் பார்க்கிறாள். வேலை செய்ய உடம்பு வணங்காமல் தட்டிக் கழிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் டாக்டரிடம் போனால் ஒரு ஊசியாவது போடுவார். போடவில்லை என்றால் நாமே கேட்போம். "ஊசி போடலையா டாக்டர்?" என்று அம்மா கேட்டு நான் எத்தனையோ முறை இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். கேரென் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டாள், இருமல் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுத்தது. ஊசியும் இல்லை, ஆன்டிபயாடிக்கும் இல்லை. அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அவளாகத் தேறிவிட்டாள், இவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்றேன். ஃப்ளூவுக்குப் பெரும்பாலும் அதுதான் வைத்தியம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

3

இனி அப்பா. எங்கள் அப்பா ஆசீர்வாதம், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயது, சர்க்கரை உண்டு. அம்மாவும் அவரும் மட்டும் அஸ்தினாபுரத்து வீட்டில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் எங்களுக்கு வீடியோ கால் போடுவார். அது முடிவதற்கு முன்னால் ஜெபம் செய்வார்.

அப்பாவின் ஜெபம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் தேசத் தலைவர்கள், பிறகு சபை, பிறகு வியாதிப்பட்டவர்கள் பேர் பேராக, பிறகு சொந்தக்காரர்கள் கிளை கிளையாக, பிறகு என் ஆபீஸ், ராஜன் ஆபீஸ், கேரெனின் படிப்பு, எங்கள் ஊர்க் குளிர். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். கேரென் மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு அதில் விரல் ஓட்டிக்கொண்டிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். தாத்தாவின் தமிழ் அவளுக்குப் பாதி புரியாது. மீதிப் பாதி தேவையில்லை என்று நினைக்கிறாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய அந்த ஞாயிறு அப்பா சட்டைக் காலரை நன்றாக மூடி உட்கார்ந்திருந்தார். டிசம்பர் மாதம், மழை பெய்து ஓய்ந்த ஊர். மின்விசிறி ஓடவில்லை. ஆனால் நெற்றி முழுக்க முத்து முத்தாக வியர்வை. நன்றாக இருக்கிறீர்களா என்றேன். "கர்த்தர் கிருபை" என்றார். அம்மா பின்னால் நின்றுகொண்டு, "கேரல் ரவுண்ட்ஸ் போயிட்டு வந்ததுல கொஞ்சம் அலுப்பு" என்றாள். கேரல் ரவுண்ட்ஸ் என்றால் சபைப் பாடகர் குழு வேனில் ஏறி ராத்திரி வீடு வீடாகப் போய்ப் பாடுவது. போகும் வீட்டிலெல்லாம் கேக், டீ. எவனுக்கு இருமல் இருந்தாலும் நிற்கமாட்டான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிடுவான். மூடின வேனுக்குள் இருபது பேர் வாயைத் திறந்து பாடினால் என்னென்ன பரவும் என்று யாரும் யோசிப்பதில்லை. யோசித்தால் பக்தி இல்லை என்பார்கள்.

அப்பா ஜெபத்தை ஆரம்பித்தார். "அன்புள்ள ஆண்டவரே… பிள்ளைகளை… காத்துக்கொள்ளும்… ஆமென்."

அவ்வளவுதான். கேரென் தலையைத் தூக்கிப் பார்த்து, ரொம்ப நாளைக்குப் பிறகு தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள். கால் முடிந்ததும், "இன்னைக்குத் தாத்தா சூப்பர். சீக்கிரம் முடிச்சிட்டார்" என்று டச்சில் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

தேசத் தலைவர்களை விட்டுவிட்டு என் அப்பா ஆமென் சொல்லமாட்டார்.

4

அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். பூசி மெழுகினாள். "ஒன்னுமில்லம்மா, சளிதான். டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. காய்ச்சலே இல்லன்னுட்டார்." மாத்திரை கொடுத்தாரா? "அது மெடிக்கல்ல வாங்கினது." என்ன மாத்திரை? "வெள்ளை ஒன்னு, மஞ்சள் ஒன்னு, பாதி ஒன்னு." இப்படிப் பதில் சொல்கிறவளிடம் என்ன செய்வது? அப்பாவிடம் கொடு என்றால் தூங்குகிறார் என்றாள். பின்னால் இருமல் கேட்டது. தூங்குகிறவர் இப்படி இருமுவாரா என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஏழுமலைக்குப் போன் போட்டேன். ஏழுமலை அனகாபுத்தூர்க்காரர், ஆட்டோ ஓட்டுகிறார், நாங்கள் ஊருக்கு வந்தால் மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வருபவர். பெற்றவர்களை உளவு பார்க்க ஆட்டோக்காரரை அனுப்புகிற மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்திருந்தேன். பிறகு விசாரித்ததில் வெளிநாட்டில் இருக்கிற பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், கேபிள்காரர், தண்ணீர் கேன் போடுபவர் என்று ஆளுக்கு ஒருவர்.

"வாத்யார் வூட்டாண்ட போய்ப் பாருங்கண்ணா. நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க."

"இன்னாக்கா, வாத்யாராண்ட பொய் சொல்லச் சொல்றியே" என்றார். ஆனால் போனார். திரும்பி வந்து வெளியிலிருந்து கூப்பிட்டார்.

"அக்கா, நெலம சரியில்ல. வாத்யார் சேர்ல குந்திகினு கீறாரு. படுத்தா மூச்சு முட்டுதாம். ஒரு வார்த்த பேசறாரு, ஒரு மூச்சு வுடறாரு. உதடு வெளுத்துப் போய்க் கீது. எனக்கே பேஜாராப் பூட்ச்சு. நெலவேம்பு கஷாயம் வச்சுக் குடுங்கன்னு அம்மாவாண்ட சொல்ட்டு வந்தேன்."

மாத்திரைகளையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மெடிக்கலில் ஒரு வேளைக்கு ஒரு வேளையாகக் கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, மேலே சூரியன் நிலா மாதிரி காலை இரவு என்று கோடு போட்டுத் தருவார்களே, அது. பெயர் இருக்கும் பக்கத்தை எல்லாம் கத்தரி தின்றிருந்தது. எது ஆன்டிபயாடிக், எது சளி மாத்திரை, எது வேறு ஏதாவது என்று கடைக்காரருக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். ஃப்ளூ வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. சர்க்கரைக்காரர் ஒருவர் எது என்று தெரியாமல் ஐந்து நாளாக இதை விழுங்கிக்கொண்டிருந்தார்.

மறுபடி அம்மாவைப் பிடித்தேன். இந்த முறை விடவில்லை, குடைந்து எடுத்துவிட்டேன். கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள். புதன்கிழமை சாயங்காலம் திடீரென்று குளிர் எடுத்திருக்கிறது. மறுநாளே டாக்டரிடம் போயிருக்கிறார்கள். போவதற்கு முன்னால் அப்பா இரண்டு காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டாராம், கிளினிக்கில் காத்திருக்கத் தெம்பு வேண்டுமே என்று. டாக்டர் தொட்டுப் பார்த்த நேரத்தில் உடம்பு ஜில்லென்று இருந்திருக்கிறது. மாத்திரை போட்டதை இவர்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சாதாரண சளி என்று அனுப்பிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை?"

"உனக்குக் கால் போடறதுக்கு அரை மணி முன்னாடியும் போட்டுக்கிட்டார். நீ மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன்னு."

அந்த வியர்வை, மாத்திரையில் காய்ச்சல் இறங்கும்போது வந்த வியர்வை. எனக்காகக் காய்ச்சலை இறக்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருக்கிறார். கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

5

அப்பா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். அவருக்கு ஆஸ்பத்திரிகள் மேல் என்னைவிடச் சந்தேகம். "நடந்து போறவனைக்கூட வீல்சேர்ல உட்கார வச்சு… ஐ.சி.யூ.ன்னுடுவான்… கிறிஸ்மஸ் முடியட்டும்." இதைச் சொல்லவே மூன்று முறை நிறுத்தினார்.

எனக்கு அந்த டச்சுக்கார அம்மாள் ஞாபகம் வந்தாள். கெஞ்சினாலும் மிரட்டினாலும் அப்பா மசியமாட்டார். கணக்கு என்றால் பொய் சொல்லமாட்டார்.

"அப்பா, பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"ஒரே மூச்சுல சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் ஆஸ்பத்திரின்னு பேச மாட்டேன்."

அப்பா வகுப்பில் பையன்களை ஒரே மூச்சில் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தவர். பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஆரம்பித்தார். "ஓர் பதிமூணு… பதிமூணு. ஈர் பதிமூணு… இருபத்தாறு. முப்பதிமூணு…" அங்கேயே நின்றுவிட்டார். முப்பத்தொன்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல மூச்சு இல்லை. போனில் இழுத்து இழுத்து விடும் மூச்சுச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு, "ஏழுமலையை வரச் சொல்லு" என்றார்.

ஏழுமலை வாசலில்தான் நின்றிருந்தார். போகவே இல்லையாம்.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுப் பரிசோதித்தார்கள். ஃப்ளூதான். ஆக்ஸிஜன் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் நிமோனியா. சர்க்கரை எகிறிப் போயிருந்தது. அங்கிருந்த இளம் பெண் டாக்டர் என்னுடன் போனில் பேசினார். நான் குறுக்கு விசாரணை செய்தேன், பாவம், பொறுமையாகப் பதில் சொன்னார்.

"ஃப்ளூவுக்குன்னே ஒரு மருந்து இருக்கும்மா. முதல் ரெண்டு நாளுக்குள்ள ஆரம்பிச்சா நல்லா கேட்கும். இப்ப லேட்டுதான், ஆனா இவ்வளவு சீரியஸா இருக்கிறவங்களுக்கு லேட்டானாலும் கொடுப்போம். நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் தனியா போகுது. வயசானவங்க, சுகர், ஆஸ்துமா, கர்ப்பமா இருக்கிறவங்க, சின்னக் குழந்தைங்க, இவங்களுக்கெல்லாம் காய்ச்சல் திடீர்னு வந்தா அன்னைக்கே காட்டணும். தடுப்பூசி போட்டிருக்காரா?"

போடவில்லை. அப்படி ஒன்று அங்கே கிடைக்கும் என்பதே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நானே குப்பைக்கூடையில் போடுகிறவள், அவரை எப்படிப் போட்டுக்கொள்ளச் சொல்வேன்?

"ஊசி போட்டாலே ஃப்ளூ வந்துடும்னு சொல்றாங்களே டாக்டர்?"

"வராதும்மா. கை வலிக்கும், ஒரு நாள் உடம்பு லேசா காயலாம். அவ்வளவுதான். போட்டாலும் சில பேருக்கு ஃப்ளூ வரும், ஆனா இந்த மாதிரி மூச்சு முட்டுற அளவுக்குப் போறது குறையும். வருஷா வருஷம் வைரஸ் சட்டை மாத்திக்கிட்டு வரும், அதனால வருஷா வருஷம் போடணும்."

அம்மாவுக்கும் லேசாக வந்திருந்தது. முகக்கவசம் போட வைத்தார்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவு, இருமினால் முழங்கையில் மறைத்துக்கொள், ஜன்னலைத் திறந்து வை என்று நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன். அந்த டாக்டர் சொன்ன இன்னொன்றை நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் வெளியே போகலாம். மாத்திரை போட்டு இறக்கிக்கொண்டு கோயிலுக்கோ, கல்யாணத்துக்கோ, கேரல் ரவுண்ட்ஸுக்கோ போவது கணக்கில் சேராது. காய்ச்சல் இறங்குவது உங்களுக்குத்தான். வைரஸ் உங்களோடுதான் வேனில் ஏறுகிறது.

6

லீவு கேட்டேன். என் மேலாளர் நல்ல மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். பிறகு, "மன்னிக்கவும், இதைக் கேட்டாக வேண்டும். உங்கள் அப்பா சாகும் நிலையில் இருக்கிறாரா?" என்றார். இங்கே லீவில் பல வகை. பெற்றோருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒன்று, உயிருக்கு ஆபத்து என்றால் வேறொன்று. இரண்டாவதுக்கு நாள் அதிகம். நான் ஆம் என்று சொல்ல வேண்டியதுதான். வாய் வரவில்லை. "தெரியாது" என்றேன். தெரியாது என்பதற்கு அவர்களிடம் லீவு இல்லை. குறைந்த நாள்களுக்கான லீவைக் கொடுத்தார். கிடைத்த டிக்கெட்டில் இரண்டு வாரத்தில் திரும்புவதாகப் போட்டு, பரீட்சை இருந்த கேரெனை ராஜனிடம் விட்டுவிட்டு, கைப்பையோடு விமானம் ஏறினேன்.

சென்னையில் இறங்கியது கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள். நேரே ஆஸ்பத்திரி. அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஐ.சி.யூ.விலிருந்து அன்று காலைதான் வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. நான் வழியெல்லாம் அவர் முகம் மலர்வதைக் கற்பனை செய்துகொண்டு வந்திருந்தேன்.

என்னைப் பார்த்ததும் அப்பாவின் முகம் செத்துப்போனது.

அப்படி ஒரு பயத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. "நீ ஏம்மா வந்தே?" என்றார்.

"கிறிஸ்மஸுக்கு வந்தேம்ப்பா."

"மாப்பிள்ளை வரல. பாப்பா வரல. பெட்டி எங்க? கைப்பையோட கிறிஸ்மஸுக்கு வந்தியா?" என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். இந்தக் குணம் எங்கிருந்து எனக்கு வந்தது என்று யாரும் இனிமேல் கேட்க வேண்டாம். "டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னார்? மறைக்காம சொல்லு."

"நல்லாயிட்டு வர்றீங்கன்னு சொன்னார்ப்பா."

"எதிர் வீட்டு டேனியல் சார் பையன் இப்படித்தான் கனடாவிலேர்ந்து சொல்லாம கொள்ளாம வந்து நின்னான். டேனியல் சார்கிட்டயும் நல்லாயிட்டு வர்றீங்கன்னுதான் சொன்னாங்க. மறுநாள் அவர் இல்ல." மூச்சு வாங்கினார். "எங்களுக்குத் தெரியும் பியூலா. வெளிநாட்டுப் பிள்ளைங்க சும்மா வர்றதில்ல. கூப்பிட்டுச் சொன்னாத்தான் வருவாங்க."

போனில் பேசிய அந்தப் பெண் டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் எக்ஸ்ரேயைக் காட்டினார். அப்பா தலையாட்டினார், நம்பவில்லை. விரலில் மாட்டிய கருவியில் தொண்ணூற்றாறு என்று காட்டியது. ஆக்ஸிஜன் குழாய் இருக்கிறது, அதான் என்றார். அம்மா ஆண்டவர் மேல் ஆணையாகச் சொன்னாள். அம்மாவிடமும் நாங்கள் மறைத்திருப்போம் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. என் அப்பா, நான் வந்து நின்றதாலேயே, தான் சாகப்போவதாக நம்பிவிட்டார். என்னிடம் மறைத்ததற்கும் இதுதான் காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குக் கவலை கொடுக்கக்கூடாது என்றும் இருந்திருக்கும். ஆனால் நான் வந்துவிடுவேனோ என்பதுதான் அவருடைய பெரிய பயம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "ரிட்டர்ன் என்னைக்கு?"

போனில் டிக்கெட்டைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். விரலால் பெரிதாக்கி, தேதியைப் பார்த்தார், விமான எண்ணைப் பார்த்தார், என் பேரைப் பார்த்தார். பரீட்சைத்தாள் திருத்துவது போல இரண்டாவது முறையும் பார்த்தார்.

"ரெண்டு வாரத்துல போயிடுவியா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப சரி" என்றார். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சாய்ந்துகொண்டார். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவர் இப்படித் தூங்கவில்லை என்று அம்மா சொன்னாள்.

புத்தாண்டு கழிந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். காகிதக் கவர்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் மெடிக்கலில் சண்டை போட்டேன். பேர் தெரியாமல் இனி ஒரு மாத்திரை கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். கொடுப்பார்கள், எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் உடம்பு தேறியதும் தடுப்பூசி போட டாக்டரிடம் நாள் வாங்கி, ஏழுமலையிடம் கூட்டிப் போகும் பொறுப்பைக் கொடுத்தேன். "எனுக்கும் போடுவாங்களாக்கா?" என்று கேட்டார். உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்றேன்.

அப்பா அறைக்குள் நடக்கவே சிரமப்பட்டார். நான்கு அடிக்கு ஒரு முறை சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றார். இப்படி விட்டுவிட்டு எப்படிப் போவது? மேலாளரிடம் பேசி, சம்பளமில்லாமல் ஒரு மாதம் கேட்டு வாங்கினேன். டிக்கெட்டைத் தள்ளிப் போடலாம் என்று அம்மாவிடம் சமையலறையில் மெதுவாகச் சொன்னேன். அம்மாவின் கண் கலங்கியது, இரு இரு என்றாள். கூடத்தில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஏன் தள்ளிப் போடற?" என்றார். "டாக்டர் போன் பண்ணினாரா?"

இட்லியைத் தட்டில் வைத்துவிட்டார். அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. கூப்பிட்டால் பதில் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, டிக்கெட்டை மாற்றவில்லை, அதே தேதிதான் என்று போனைத் திறந்து காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். இட்லி கேட்டார்.

அந்தத் தேதியிலேயே கிளம்பினேன். ஏழுமலை ஆட்டோவை வாசலில் நிறுத்தினார். அப்பா கேட் வரைக்கும் தானே நடந்து வந்தார், நடுவில் ஒரு முறை நின்றார். அங்கேயே என் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். தேசத் தலைவர்களிலிருந்து ஆரம்பித்தார். மூச்சுக்காக நிறுத்தி நிறுத்தி, ஒருவரையும் விடாமல் முடித்தார். ஏழுமலை இன்ஜினை அணைத்துவிட்டு நின்றார். "போயிட்டு வாம்மா" என்றபோது அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் இருந்தால் தனக்குச் சாவு என்று நினைக்கிறார், நான் போனால் பிழைத்துவிட்டதாக நம்புகிறார். பெற்ற அப்பாவை அந்த நிம்மதியோடு விட்டுவிட்டு, ஏர்போர்ட் போகும் ஜிஎஸ்டி ரோடு வரை அழுதுகொண்டே போனேன்.